சிரிப்பு யார் கையில்? தொலைக்காட்சி நகைச்சுவையில் பாலினமும் பெண்ணியமும்

ஒரு நகைச்சுவைத் தொடரைப் பார்த்துவிட்டு ஒருவர் "இதைவிடப் பெண்ணியமான தொடர் வந்ததில்லை" என்கிறார். அதையே பார்த்த இன்னொருவர் "பெண்களை இதைவிட மட்டமாகக் காட்ட முடியாது" என்கிறார். 2012இல் 'கேர்ள்ஸ்' வந்தபோது இப்படித்தான் பேச்சு பிளந்தது. 2016இல் 'ஃப்ளீபேக்' வந்தபோதும் அதே கதை. பல நேரம் இரு தரப்பும் ஒரே காட்சியைத்தான் சாட்சிக்கு இழுப்பார்கள்.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் திரையில் எத்தனை பெண்கள் என்று எண்ணுகிறார், இன்னொருவர் அந்தப் பெண்கள் என்ன வசனம் பேசுகிறார்கள் என்று கேட்கிறார். நகைச்சுவை இந்த இரண்டிலும் முழுதாகப் பிடிபடாது. ஒரு ஜோக் எப்படி வேலை செய்கிறது, அதில் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்தால்தான் குழப்பம் தெளியும்.

முதலில் சொற்கள். உடலோடு வருவது பால். ஆண் இப்படி நடக்க வேண்டும், பெண் இப்படிப் பேச வேண்டும் என்று சுற்றியிருப்பவர்கள் அந்த உடலுக்கு மாட்டிவிடும் வேடம் பாலினம். அந்த வேடங்களில் ஒன்றுக்கு மட்டும் கூலியும் அதிகாரமும் பேசும் உரிமையும் குறைத்து அளக்கப்படுவது ஏன் என்று கேட்பதும், அதை மாற்றப் பார்ப்பதும் பெண்ணியம். சிட்காம் என்பது ஒரே ஆட்களை ஒரே இடத்தில் வாராவாரம் சிக்கலில் மாட்டிவிட்டு வேடிக்கை பார்க்கும் தொடர். விளம்பரம் போக சுமார் 22 நிமிடம். வேடம் நழுவும் இடத்தில்தான் சிரிப்பு பிறக்கிறது என்பதால், பாலினத்தைத் தொடாத சிட்காம் என்று ஒன்று கிடையாது. தெரிந்து தொடுகிறதா, தெரியாமல் தொடுகிறதா என்பதில்தான் வேறுபாடு.

## ஒரு ஜோக்குக்கு மூன்று இருக்கைகள்

1905இல் நகைச்சுவை பற்றி எழுதிய உளப்பகுப்பாய்வாளர் சிக்மண்ட் ஃப்ராய்ட், ஆபாசத் துணுக்குகளைப் பற்றி ஒரு கணக்குச் சொன்னார். ஒருவரைத் தாக்கும் ஜோக்குக்கு மூன்று பேர் வேண்டும்: சொல்பவர், அடிபடுபவர், கேட்டுச் சிரிப்பவர். ஆபாசத் துணுக்கில் சொல்பவர் ஆண், அடிபடுபவர் பெண், சிரிப்பவர் இன்னொரு ஆண். பெண்ணை நோக்கிப் போன பேச்சு அவளிடம் எடுபடாதபோது, பக்கத்தில் இருக்கும் ஆணிடம் அவளைப் பற்றிய பேச்சாகத் திரும்பிவிடுகிறது. அந்தக் கூட்டத்தில் அவள் இருக்கிறாள், ஆனால் உரையாடலில் இல்லை.

ஃப்ராய்டின் மற்றக் கருத்துகளை ஏற்கலாம், விடலாம். இந்த மூன்று இருக்கைகள் மட்டும் சிட்காமுக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்துகின்றன.

1. சொல்பவரின் இருக்கை: திரையில் வசனம் பேசும் பாத்திரம் மட்டுமில்லை, அதை எழுதியவரும் இங்கே உட்கார்ந்திருக்கிறார்.
2. அடிபடுபவரின் இருக்கை: யாரைப் பார்த்து, அவருடைய எதைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பது.
3. சிரிப்பவரின் இருக்கை: வீட்டில் இருக்கும் நாம். நமக்கு முன்பாகவே அங்கே இடம் பிடித்துவைக்கும் பதிவுசெய்த சிரிப்பொலி, கேமரா, பக்கத்தில் நிற்கும் பாத்திரத்தின் முகம் எல்லாமும் சேர்த்தி.

பெண்ணிய நகைச்சுவை எதையெல்லாம் சாதித்தது, எங்கே தடுமாறுகிறது என்பதை இந்த மூன்றையும் பிரித்து வைத்தால்தான் பேச முடியும். ஒன்றில் முன்னேறிய தொடர் இன்னொன்றில் பின்தங்கியிருப்பது சாதாரணம்.

அலிசன் பெக்டலின் சித்திரத் தொடரில் 1985இல் வந்த சோதனையைப் பலரும் அறிவார்கள்: படத்தில் இரண்டு பெண்களாவது இருக்க வேண்டும், அவர்கள் தங்களுக்குள் பேச வேண்டும், பேச்சு ஓர் ஆணைப் பற்றியதாக இல்லாமல் இருக்க வேண்டும். திரைப்படத்துக்கு அது பயனுள்ள சல்லடை. சிட்காமில் அவ்வளவு உதவாது. இரண்டு பெண்கள் வேலையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசலாம். அந்தப் பத்து நிமிடமும் அவர்களில் ஒருத்தியின் எடையை வைத்தே சிரிப்பு வாங்கியிருக்கலாம். சோதனையில் தொடர் தேறிவிடும்.

## அடி வாங்கும் இடத்திலிருந்து எழுந்தது

'ஐ லவ் லூசி' (1951–1957) தொடரில் லூசி ஒவ்வொரு வாரமும் வீட்டுக்கு வெளியே ஏதாவது ஆக முயன்று, குட்டையைக் குழப்பி, கணவனிடம் அசடு வழிந்து வீடு திரும்புவாள். எழுத்தில் பார்த்தால் அது தோல்விக் கதை. திரையில் பார்த்தால் அந்த எபிசோடு முழுவதையும் ஆள்பவள் அவள்தான், கணவன் ஓரத்தில் நின்று கண்ணை உருட்டுகிறான். நடிகை லூசில் பால் 1962இல் தன் முன்னாள் கணவரின் பங்கை வாங்கி டெசிலு ஸ்டூடியோவின் தலைவியானார். திரைக்கு வெளியே முதலாளி, திரைக்குள்ளே அனுமதி கேட்கும் மனைவி. இந்த முரண் இன்றைய தொடர்களிலும் வேறு வடிவத்தில் உயிரோடு இருக்கிறது. அவருடைய நிஜக் கர்ப்பத்தைக் கதையில் சேர்த்தபோது 'கர்ப்பிணி' என்ற சொல்லைக்கூட வசனத்தில் அனுமதிக்கவில்லை. குழந்தையை 'எதிர்பார்க்கிறாள்' என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

1970இல் தொடங்கிய 'தி மேரி டைலர் மூர் ஷோ'வின் நாயகியை விவாகரத்தானவளாகக் காட்டவே எழுதியவர்கள் நினைத்தார்கள். அலைவரிசையான சிபிஎஸ் மறுத்தது, நிச்சயதார்த்தம் முறிந்தவளாக மாற்றினார்கள். முந்தைய தொடரில் டிக் வான் டைக்கின் மனைவியாக மேரி நடித்த வேடம் மக்கள் மனதில் அப்படியே நின்றிருந்ததால், 'டிக் வான் டைக்கையே விவாகரத்து செய்துவிட்டாள்' என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயமும் இருந்ததாகச் சொல்வார்கள். எப்படியோ, கல்யாணம் கதையின் இலக்காக இல்லாத முப்பது வயதுப் பெண் ஏழு சீசன்கள் வேலைக்குப் போனாள்.

1972 நவம்பரில் 'மாட்' தொடரில் 47 வயது நாயகி தான் கர்ப்பம் என்று அறிந்து, கருக்கலைப்பு செய்துகொள்ள முடிவெடுக்கிறாள். சூசன் ஹாரிஸ் எழுதிய அந்த இரண்டு எபிசோடுகள் வந்தது, அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையை அங்கீகரித்து ரோ வழக்கில் தீர்ப்புச் சொன்னதற்கு இரண்டு மாதம் முன்பு. சில உள்ளூர் நிலையங்கள் ஒளிபரப்ப மறுத்தன. 44 ஆண்டுகள் கழித்து 'கிரேசி எக்ஸ்-கேர்ள்ஃப்ரெண்ட்' தொடரில் இரண்டு பிள்ளைகளின் தாயான பாலா, சட்டப் படிப்பைத் தொடர்வதற்காக அதே முடிவை எடுக்கிறாள். இரண்டு பகுதி நாடகமாக விரிந்த விஷயம் இங்கே ஒரு துணைக்கதை. அழைப்பு மணி ஒலிக்கும்போது மகன் போகிறபோக்கில் அதைச் சொல்லிவிட்டுக் கதவைத் திறக்கப் போகிறான். சிரிப்பு அந்த அலட்சியத்தில் இருக்கிறது. 1972இல் அந்த ஜோக்கை எழுதியிருக்கவே முடியாது.

இடையில் 1992 மே மாதம் 'மர்ஃபி பிரவுன்' நாயகி கல்யாணமாகாமல் குழந்தை பெற்றாள். மறுநாளே அமெரிக்கத் துணை அதிபர் டான் குவேல் ஒரு மேடையில் அந்தக் கற்பனைப் பாத்திரத்தைக் கண்டித்தார். செப்டம்பரில் புதிய சீசன் தொடங்கியபோது, அந்தப் பேச்சைத் தொலைக்காட்சியில் பார்க்கும் தாயாக மர்ஃபியைக் காட்டிப் பதில் சொன்னார்கள். அடிபடும் இருக்கைக்கு அன்று அரசியல்வாதி வந்து சேர்ந்தார்.

## எழுதும் அறை

அமெரிக்க சிட்காம் ஓர் ஆளின் மேசையில் எழுதப்படுவது அரிது. எட்டு, பத்து பேர் ஒரு அறையில் நாள் முழுக்க உட்கார்ந்து ஒருவரை ஒருவர் சிரிக்கவைக்கிறார்கள். அறையில் சிரிப்பு வாங்கிய வரி ஸ்கிரிப்டுக்குப் போகும், வாங்காதது குப்பைக்கு. தலைமை எழுத்தாளரை ஷோ ரன்னர் என்பார்கள். கடைசி முடிவு அவருடையது. கீழ்ப்படியில் எழுத்தாளர் உதவியாளர், பேசுவதையெல்லாம் தட்டச்சு செய்பவர். அந்தப் படியில் ஏறித்தான் பலர் எழுத்தாளர் ஆகிறார்கள்.

அந்த அறை ஒரு சல்லடை. உள்ளே ஒரே ஒரு பெண் இருந்தால், அவள் கொண்டுவரும் ஜோக்குக்குச் சிரிக்க ஆள் குறைவு. அவள் அனுபவத்தை மற்றவர்கள் அறியாததால், ஜோக்கைச் சொல்வதற்கு முன் அதை விளக்க வேண்டியிருக்கும். விளக்கிய ஜோக் செத்த ஜோக். ஆகவே வரி விழுந்துவிடும். யாரும் கெட்ட எண்ணத்தோடு தடுத்திருக்க வேண்டியதில்லை.

கெட்ட எண்ணமும் உண்டு. 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரில் 1999இல் உதவியாளராகச் சேர்ந்த ஒரு பெண் நான்கே மாதத்தில் நீக்கப்பட்டார். அறையில் நடந்த பாலியல் பேச்சுகளைத் துன்புறுத்தல் என்று அவர் தொடுத்த வழக்கு கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் வரை போனது. பெரியவர்களுக்கான பாலியல் நகைச்சுவையை உருவாக்கும் இடம் அது, பேச்சு அவரைக் குறிவைத்தது அல்ல என்று சொல்லி 2006இல் நீதிமன்றம் தயாரிப்பாளர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஃப்ராய்டின் மூன்றாம் இருக்கையில் ஒரு பெண்ணைச் சம்பளம் கொடுத்து உட்காரவைத்துக் குறிப்பெடுக்கச் சொன்னால் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான சித்திரம் கிடைக்காது.

பெயர் போடுவதும் சொல்பவரின் இருக்கையைச் சேர்ந்த சண்டைதான். 'ரோசன்' (1988) தொடரின் நாயகி, ரோசன் பார் பல ஆண்டுகள் மேடையில் வளர்த்த பாத்திரம். தொடரை 'உருவாக்கியவர்' என்று திரையில் வந்த பெயர் மேட் வில்லியம்ஸ். முதல் சீசனிலேயே மோதல் முற்றி, வில்லியம்ஸ் வெளியேறினார். இதற்குப் பின் வந்த டினா ஃபே ('30 ராக்', 2006), இசா ரே ('இன்செக்யூர்', 2016), ஃபீபி வாலர்-பிரிட்ஜ் ('ஃப்ளீபேக்'), குவின்டா பிரன்சன் ('அபாட் எலிமெண்டரி', 2021) ஆகியோர் நடிகையாக மட்டும் ஒப்பந்தம் போடவில்லை. உருவாக்கியவர் என்ற பெயரையும் கையில் வைத்துக்கொண்டார்கள்.

## கேமராவும் சிரிப்பொலியும்

விமர்சனங்கள் அதிகம் தொடாத இடம் இது. தீர்மானமான வேலை நடப்பதோ இங்கேதான்.

சிட்காம் எடுக்க இரண்டு பழைய வழிகள். பல கேமரா முறையில் மூன்று சுவர் செட், மூன்று நான்கு கேமராக்கள் ஒரே நேரத்தில் ஓடும், எதிரே பார்வையாளர்கள். எல்லாக் கோணத்துக்கும் பொருந்த வேண்டும் என்பதால் வெளிச்சம் எங்கும் ஒரே சீராக விழும், நிழலே இருக்காது. நடிகர்கள் சிரிப்பு அடங்கும்வரை வசனத்தை நிறுத்திவைப்பார்கள். ஒற்றைக் கேமரா முறையில் பார்வையாளர்கள் இல்லை, சினிமா போல ஷாட் ஷாட்டாக எடுப்பார்கள். இங்கே சிரிப்பொலியின் வேலையை வெட்டு செய்கிறது: வசனம் முடிந்ததும் யாருடைய முகத்துக்குக் கேமரா போகிறது என்பது.

ஓர் எடுத்துக்காட்டு. அலுவலக மேலாளர் ஒருவர் பெண் ஊழியரின் உடையைப் பற்றி அசிங்கமாக ஏதோ சொல்கிறார். இதே வசனத்தை மூன்று விதமாக எடுக்கலாம்.

1. வசனம் முடிந்ததும் சிரிப்பொலி. ஜோக் மேலாளருடையது, அடி அவளுக்கு.
2. வசனம் முடிந்ததும் அவள் முகம். இரண்டு நொடி அமைதி. அவள் கேமராவைப் பார்க்கிறாள். இப்போது அடி மேலாளருக்கு. நாம் அவளோடு சேர்ந்து அவரைப் பார்த்துச் சிரிக்கிறோம்.
3. வசனம் முடிந்ததும் பக்கத்து மேசை ஆண் முகத்தைச் சுளிக்கிறான். அடி மேலாளருக்குத்தான், ஆனால் நல்லவன் என்ற பெயர் அந்த ஆணுக்குப் போகிறது. அவள் மறுபடியும் காட்சிப் பொருள்.

எழுத்தில் மூன்றும் ஒன்று. அமெரிக்க 'தி ஆபீஸ்' (2005–2013) இரண்டாம் வகையையும் மூன்றாம் வகையையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியது. வரவேற்பாளர் பாம் தானே கேமராவைப் பார்க்கும் காட்சிகளையும், அவளுக்காகச் சக ஊழியர் ஜிம் பார்க்கும் காட்சிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு புரியும்.

'பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன்' தொடரின் முதல் சீசன் (2009, ஆறே எபிசோடு) இந்தப் பாடத்தை விலை கொடுத்துக் கற்றது. லெஸ்லி நோப் துடிப்பான அரசு ஊழியர் என்று எழுதினார்கள். பார்த்தவர்களுக்கு அவள் அசடாகத் தெரிந்தாள். இரண்டாம் சீசனில் அவளைப் பெரிதாக மாற்றவில்லை. அவளைச் சுற்றியிருந்தவர்கள் அவளைப் பார்க்கும் விதத்தை மாற்றினார்கள்: எரிச்சலோடு பார்த்த முகங்கள் மெல்ல மதிப்போடு பார்க்கத் தொடங்கின. அதே ஆர்வம், அதே வேகமான பேச்சு, இப்போது திறமையாகத் தெரிந்தது.

இந்த வடிவத்தையே கதையாக்கியது 2021இல் ஏஎம்சி அலைவரிசையில் வந்த 'கெவின் கேன் எஃப் ஹிம்செல்ஃப்'. கணவன் கெவின் அறையில் இருக்கும்வரை பளிச்சென்ற வெளிச்சம், பல கேமரா, சிரிப்பொலி. மனைவி அலிசன் கதவைத் தாண்டி அடுக்களைக்குள் வந்ததும் சிரிப்பு அறுந்து, நிழல் விழுந்து, ஒற்றைக் கேமராவுக்கு மாறிவிடும். கணவனின் சேட்டைகள் என்று முன் அறையில் கேட்ட ஜோக்குகள் ஒவ்வொன்றும் இந்தப் பக்கத்தில் அவள் சேமிப்பை, வேலையை, நட்பைத் தின்ற செய்திகள். இதற்குப் பின்னணியில் ஒரு நிஜ நிகழ்வு உண்டு: 'கெவின் கேன் வெயிட்' தொடரின் இரண்டாம் சீசன் 2017இல் தொடங்கியபோது, நாயகனின் மனைவி இடைப்பட்ட காலத்தில் இறந்துவிட்டாள் என்று சில வரிகளில் முடித்துவிட்டார்கள். அவள் இல்லாமலும் தொடரின் இயந்திரம் ஓடும் என்று தயாரிப்பாளர்களுக்குத் தெரிந்திருந்தது. அதுதான் உறுத்தல்.

## அடியைத் தானே வாங்கிக்கொள்வது

பெண் நகைச்சுவையாளர்களுக்கு நெடுங்காலம் திறந்திருந்த பாதை தன்னையே கேலி செய்வது. முதல் இருக்கையிலும் இரண்டாம் இருக்கையிலும் ஒரே ஆள். சிலருக்கு இது விடுதலை, சிலருக்கு வாடகை.

மேடை நகைச்சுவைக் கலைஞர் ஹன்னா காட்ஸ்பி 'நானெட்' நிகழ்ச்சியில் (நெட்ஃபிளிக்ஸ், 2018) இதைக் கணக்குப் போட்டே உடைத்தார். கதைக்கு மூன்று பகுதி: தொடக்கம், நடு, முடிவு. ஜோக்குக்கு இரண்டே: முடிச்சு, அவிழ்ப்பு. சிரிப்பு வரவேண்டுமானால் கதையை நடுவிலேயே நிறுத்திவிட வேண்டும். தன்மீது நடந்த வன்முறையை ஜோக்காக்கியபோது முடிவை வெட்டிவிட்டதைச் சொல்லி, வெட்டிய பகுதியை மேடையில் அப்படியே வைத்தார். ஏற்கெனவே ஓரத்தில் நிற்கிறவர் தன்னைக் கேலி செய்துகொள்வது பணிவு அல்ல, அவமானம் என்பது அவர் வாதம். இது நகைச்சுவையா என்று அப்போது நடந்த சண்டை இன்றைக்கும் ஓயவில்லை. என் பார்வையில் அது நகைச்சுவைதான். ஒரு மணி நேரத்தின் முற்பகுதி சிரிக்கவைக்காவிட்டால் பிற்பகுதி வலிக்காது.

'ஃப்ளீபேக்' வேறு வழியில் போனது. முதல் எபிசோடிலேயே ஒரு பெண்ணியச் சொற்பொழிவு. ஐந்து ஆண்டு ஆயுளைக் கொடுத்து அழகான உடலை வாங்கிக்கொள்வீர்களா என்று பேச்சாளர் கேட்க, அரங்கில் நாயகியும் அவள் அக்காவும் மட்டும் கையைத் தூக்குகிறார்கள். இந்த ஒரே காட்சிதான் "பெண்ணியத்தைக் கொச்சைப்படுத்துகிறது" என்பவர்களுக்கும் "இதைவிட நேர்மை ஏது" என்பவர்களுக்கும் பிடி. இருக்கைகளை எண்ணிப் பார்த்தால், அடிபடுவது கொள்கை அல்ல. கொள்கை தெரிந்த பிறகும் போகாத ஆசை அடிபடுகிறது. நாயகி ஓயாமல் கேமராவைப் பார்த்துப் பேசுகிறாள். நம்மைச் சிரிப்பவரின் இருக்கையில் கட்டிவைத்துவிட்டுத் தன் துக்கத்தை அதன் பின்னால் மறைக்கிறாள். 2019இல் வந்த இரண்டாம் சீசனில் பாதிரியார் ஒருவர் அந்தப் பார்வையைக் கவனித்துவிடுகிறார். கடைசிக் காட்சியில் பின்தொடர வேண்டாம் என்று அவள் தலையசைக்க, கேமரா நின்ற இடத்திலேயே நிற்கிறது.

'ஹேக்ஸ்' (2021) முதல் சீசனில் லாஸ் வேகாஸ் மேடையில் கோலோச்சும் டெபோரா வான்ஸ், முன்னாள் கணவன் வீட்டைக் கொளுத்தியவள் என்று ஊரெல்லாம் பேச்சு. அதையே ஜோக்காகச் சொல்லிப் பணம் சம்பாதித்திருக்கிறாள். அவள் கொளுத்தவில்லை, மறுத்துப் பேசியபோது யாரும் நம்பவில்லை, அதனால் முந்திக்கொண்டு தானே சொல்லத் தொடங்கினாள் என்பது பிறகு தெரிகிறது. அதே சீசனில் இளம் பெண் கலைஞர்களை மேடையிலேயே சீண்டும் ஓர் ஆண் தொகுப்பாளரிடம், இனி வாழ்நாளில் மேடை ஏறாமல் இருக்க 16.9 லட்சம் டாலர் தருவதாகச் சொல்கிறாள். அவன் வாங்கிக்கொள்கிறான். அவளுடைய இளம் எழுத்தாளர் ஏவாவுக்கு அநீதியைப் பற்றிய சொற்கள் எல்லாம் தெரியும். டெபோராவுக்கு விலை தெரியும். இரண்டு தலைமுறைப் பெண்ணியத்தின் சண்டையை இந்தத் தொடர் அளவுக்கு இரு பக்கமும் சிரிக்கும்படி சொன்னது குறைவு.

## எங்கே பிசகுகிறது

1. புத்திசாலி மனைவி. 'தி கிங் ஆஃப் குவீன்ஸ்' போன்ற குடும்பத் தொடர்களில் கணவன் முட்டாள், மனைவி விவரமானவள். பெண்ணை உயர்த்துவது போலத் தோன்றும். ஆனால் விவரமானவளுக்கு ஜோக் கிடையாது. கணவன் செய்யும் குளறுபடியைத் துடைப்பதும் திட்டுவதும் அவள் பங்கு. பூசை செய்து மூலையில் உட்காரவைப்பது என்பது இதுதான். சிட்காமில் மரியாதையைவிட ஜோக் பெரிய சொத்து.

2. கேலிக்குக் கேலி என்ற போர்வை. பெண்வெறுப்பு வசனத்தை ஒரு முட்டாள் பாத்திரத்தின் வாயில் வைத்து, "அவனைத்தான் கேலி செய்கிறோம்" என்பார்கள். 'ஆல் இன் தி ஃபேமிலி'யின் ஆர்ச்சி பங்கர் இனவெறியனைக் கேலி செய்யப் படைக்கப்பட்டவன். 1974இல் வெளியான விட்மர், ரோகீச் ஆய்வில் பாகுபாட்டு எண்ணம் மிகுந்தவர்கள் ஆர்ச்சியை ரசித்து, அவன் பேச்சே நியாயம் என்று கருதியது தெரிந்தது. எழுதியவர் எண்ணம் மூன்றாம் இருக்கைக்குத் தானாகப் போய்ச் சேராது. காட்சி வெட்டோ, விளைவோ ஒன்று திரையில் இருக்க வேண்டும்.

3. முழக்கம். பாத்திரம் நிமிர்ந்து நின்று ஒரு பத்தி பேசும். அரங்கம் சிரிக்காது, கைதட்டும். கைதட்டு ஒப்புதல், சிரிப்பு பிடிபடுதல். முதலாவது பெருகினால் தொடர் மேடைப் பேச்சாகிவிடும். இதற்கு மாற்றாக 'கிரேசி எக்ஸ்-கேர்ள்ஃப்ரெண்ட்' முதல் எபிசோடில் ஒரு பாட்டு: நாயகி வெளியே போகத் தயாராவதைக் கவர்ச்சிப் பாடலின் இசையில் வைத்து, முடி பிடுங்குவதையும் வயிற்றை இறுக்குவதையும் காட்டுகிறார்கள். நடுவில் பாட வந்த ராப் பாடகர் குளியலறைக் கோலத்தைப் பார்த்து மிரண்டு, சில பெண்களிடம் மன்னிப்புக் கேட்கக் கிளம்பிவிடுகிறார். ஒரு பத்தி சொல்ல வேண்டியதை அவர் முகம் சொல்லிவிடுகிறது.

4. காவல்காரப் பெண்ணியவாதி. 2011இல் வந்த '30 ராக்' எபிசோடில், குழந்தைக் குரலில் கொஞ்சிப் பேசும் புதிய பெண் எழுத்தாளரைத் திருத்தப் போகிறாள் நாயகி லிஸ். அவள் போடுவது வேடம் என்று அம்பலப்படுத்துகிறாள். உண்மையில் அந்தப் பெண், கொல்லத் தேடும் முன்னாள் கணவனிடமிருந்து ஒளிந்திருக்கிறாள். அடி பெண்ணியத்துக்கா, லிஸ்ஸின் தன்னம்பிக்கைக்கா? இந்த எபிசோடை இரண்டு விதமாகவும் படிக்க முடிகிறது. பிசகு இதில் இல்லை. இதை நகலெடுத்து, பெண்ணியவாதி என்றாலே சிடுமூஞ்சி என்று எழுதும் தொடர்களில் இருக்கிறது.

5. கடைசி நேர வழுக்கல். 'தி பிக் பேங் தியரி' (2007–2019) 279 எபிசோடுகள் ஓடியது. ஆண் நண்பர்கள் நால்வருக்கும் குடும்பப் பெயர் உண்டு. கல்யாணத்துக்கு முன் நாயகி பென்னியின் குடும்பப் பெயர் என்ன என்று கடைசிவரை சொல்லவேயில்லை. தனக்குக் குழந்தை வேண்டாம் என்று கடைசி சீசனில் தெளிவாகச் சொன்னவள், இறுதி எபிசோடில் கர்ப்பமாக, மகிழ்ச்சியாக வருகிறாள். மனம் மாறியது எப்படி என்று ஒரு காட்சிகூட இல்லை.

6. ஒரு பெண் மட்டும் வென்ற அறை. 'கேர்ள்ஸ்' நியூயார்க்கை வெள்ளையர் ஊராகக் காட்டியதாகக் கண்டிக்கப்பட்டது. கடத்தலிலிருந்து மீண்ட பெண்ணைப் பரிதாபமின்றிச் சிரிப்போடு காட்டிய 'அன்பிரேக்கபிள் கிம்மி ஷ்மிட்' (2015), பூர்வகுடிப் பெண்ணின் வேடத்தை வெள்ளை நடிகைக்குக் கொடுத்தது. 'ஃப்ரெண்ட்ஸ்' தன் நாயகர்களில் ஒருவனான சாண்ட்லரின் திருநங்கைப் பெற்றோரைத் தொடர்ந்து 'அப்பா' என்றே அழைத்ததைத் தவறு என்று இணைப் படைப்பாளர் மார்டா காஃப்மன் 2022இல் ஒப்புக்கொண்டார்.

## ஓர் எபிசோடைப் பிரித்துப் பார்ப்பது எப்படி

1. முதல் எபிசோடையும், பலரும் பகிரும் பிரபல எபிசோடையும் தவிர்த்துவிட்டு நடு சீசனில் ஒன்றை எடுங்கள். முதலாவதில் தொடர் தன்னைக் கண்டுபிடித்திருக்காது, பிரபலமானது விதிவிலக்கு.

2. ஒரு தாளை மேலிருந்து கீழாக மூன்று பத்தியாகப் பிரியுங்கள்: சொன்னவர், அடிபட்டவர், சிரிக்கவைத்தது எது (சிரிப்பொலி, முகம், கேமராப் பார்வை). சிரிப்பு வரும் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்திக் குறியுங்கள். பல கேமரா சிட்காமில் அறுபதைத் தாண்டுவது எளிது. ஒற்றைக் கேமராவில் எங்கே நிறுத்துவது என்று நீங்களே முடிவெடுக்க வேண்டும்.

3. அடிபட்டவர் பத்தியில் பெயர் மட்டும் போதாது. எது அடிபட்டது என்றும் எழுதுங்கள்: உடலா, செயலா, ஆசையா, பதவியா. ஆண்களுக்குச் செயலும் பெண்களுக்கு உடலும் திரும்பத் திரும்ப வந்தால், வசனம் எவ்வளவு முற்போக்காக இருந்தாலும் கணக்கு வேறு.

4. ஜோக்கே சொல்லாத பாத்திரங்களைத் தனியாகக் குறியுங்கள். பொறுமைசாலி, அறிவாளி, நல்லவள் என்று நீங்கள் நினைத்திருந்தவர்கள் இந்தப் பட்டியலில் வந்து சேர்வதைப் பார்ப்பீர்கள்.

5. கடைசி இரண்டு நிமிடத்தைத் திரும்பப் பாருங்கள். சிட்காம் வழக்கமாகத் தொடங்கிய இடத்துக்கே திரும்பும். எது திருத்தப்பட்டது, எது மன்னிக்கப்பட்டது, யார் மன்னிப்புக் கேட்டார்கள்?

6. அதே சீசனில் இன்னும் இரண்டு எபிசோடுக்கு இதைச் செய்யாமல் தீர்ப்பு எழுத வேண்டாம். ஒரு வாரம் மனைவி அடி வாங்குவது கதை. மூன்று வாரமும் அவளே வாங்கினால் அதுதான் தொடரின் இயந்திரம்.

## சுருங்கும் அறை

அலைவரிசைக் காலத்தில் ஒரு சீசனுக்கு 22 எபிசோடு வழக்கம். ஓடிடி வந்தபின் எட்டு, பத்து. இதில் ஒரு லாபம் உண்டு: விளம்பரதாரரின் பயம் குறைந்ததும், மாதவிடாயும் மாதவிடாய் நிறுத்தமும் கருச்சிதைவும் பேசும் நகைச்சுவைக்கு இடம் வந்தது. ஒவ்வொரு எபிசோடும் தொடங்கிய இடத்துக்கே திரும்ப வேண்டிய கட்டாயமும் தளர்ந்தது. பெண் பாத்திரம் இந்த வாரம் கற்றதை அடுத்த வாரமும் நினைவில் வைத்திருக்கலாம்.

நட்டம் வேறு இடத்தில். எபிசோடு குறைந்ததால் வேலை வாரங்களும் குறைந்தன. 'மினி ரூம்' என்ற பெயரில் இரண்டு மூன்று பேரை வைத்து, படப்பிடிப்புக்கு முன்பே முழு சீசனையும் எழுதி முடித்து அனுப்பிவிடும் வழக்கம் பரவியது. படப்பிடிப்புத் தளத்தில் நின்று, வெட்டு எங்கே விழுகிறது, முகம் எப்போது வருகிறது என்று கற்க வேண்டிய புதிய எழுத்தாளர் அங்கே இருப்பதேயில்லை. அறை சிறுத்தால் முதலில் போவது கீழ்ப்படி. பெண்களும் கறுப்பினத்தவரும் பிறரும் நுழையும் வாசல் அதுதான்.

அமெரிக்க எழுத்தாளர் சங்கம் 2023 மே 2 முதல் 148 நாள் நடத்திய வேலைநிறுத்தத்தில் இது ஒரு முக்கியக் கோரிக்கை. முடிவில் வந்த ஒப்பந்தம் எபிசோடுக் கணக்குப்படி குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கையை வைத்தது: ஆறு எபிசோடு வரை மூன்று எழுத்தாளர், ஏழு முதல் பன்னிரண்டு வரை ஐந்து, பதின்மூன்றும் அதற்கு மேலும் என்றால் ஆறு. சீசன் முழுவதையும் ஒரே ஆள் எழுதினால் விலக்கு உண்டு. அந்த விலக்கின் வழியாக இன்னொரு 'ஃப்ளீபேக்' வரலாம். ஓரத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்பவரின் நாற்காலி மட்டும் அந்த அறையில் இருக்காது.